வரி விளம்பரம்: விளம்பியதும் விளம்பாததும்

செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் போகிற பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தால் ஒரே சொல்லை மூன்று விதமாக வாசித்துக்கொண்டு போகலாம். பள்ளிக்கூட மதிலில் 'விளம்பரம் செய்யாதீர்'. ரைஸ்மில் சுவரில் 'விலம்பரம் செய்யாதே'. கொஞ்சம் தள்ளி, புதிதாக வெள்ளையடித்த காம்பவுண்டில் 'விளம்பறம்'. பக்கத்து சீட்டுக்காரர் விரித்து வைத்திருக்கும் நாளிதழில் மட்டும் 'வரி விளம்பரங்கள்' என்று சுத்தமாக அச்சாகியிருக்கும். சுவரில் எழுதுகிறவருக்குப் பிழை திருத்த ஆள் கிடையாது, பத்திரிகைக்கு உண்டு. தமிழ் படித்த பழக்கதோஷத்தில் நானும் சுவர்களைத்தான் மனசுக்குள் திருத்திக்கொண்டு வந்தேன். அந்தப் பத்திரிகைப் பக்கத்தில் திருத்த வேண்டியது ஒன்றுமில்லையா என்கிற கேள்வி பின்னால்தான் வந்தது.

'வரி விளம்பரம்' என்பது அன்றாடம் புழங்கும் சொல். வீடு வாடகைக்கு, வரன் தேவை, மனை விற்பனைக்கு, சான்றிதழ் காணவில்லை என்று எல்லாமே அதற்குள் அடக்கம். சேர்த்து எழுதுவதா, பிரித்து எழுதுவதா, எங்கிருந்து வந்தது என்பதெல்லாம் இலக்கண வகுப்புக் கேள்விகள் மாதிரித் தெரியும். இந்த வட்டாரத்தில் வைத்து அவற்றைக் கேட்டால் அவை நிலத்தைப் பற்றிய கேள்விகளாக மாறிவிடுகின்றன.

1

முதலில் எழுத்துக்கூட்டல். 'விளம்பு' என்ற வினையிலிருந்து வந்த பெயர் விளம்பரம். எனவே ளகரமும் இடையின ரகரமும்தான் சரி. ஆனால் வடதமிழ்நாட்டுப் பேச்சில் ர, ற வேறுபாடு காதுக்குக் கிடைப்பதில்லை. ல, ள வேறுபாடும் பலர் நாக்கில் தங்குவதில்லை. 'விளம்பறம்' என்று எழுதியவர் தன் காதுக்கு விசுவாசமாக இருந்திருக்கிறார், அவ்வளவுதான். தமிழாசிரியர்கள் இதை அறியாமை என்று தள்ளிவிடுவது சுலபம். எழுத்து ஒரு காலத்தின் உச்சரிப்பைப் பிடித்து வைத்துக்கொள்ள, பேச்சு நகர்ந்து போய்விட்டது என்பதே நடந்த விஷயம்.

விளம்பு என்றால் சொல், வெளிப்படுத்து. குமரி மாவட்டத்திலும் கேரளத்திலும் விளம்புவது என்றால் இலையில் பரிமாறுவது. உள்ளே இருப்பதை எடுத்து எதிரே இருப்பவர் முன்னால் வைப்பது என்கிற பொருள் இரண்டுக்கும் பொதுவாக இருக்கிறது. சங்கீதக்காரர்கள் சொல்லும் 'விளம்ப காலம்' வேறு. அது தாமதம் என்ற பொருளுடைய சமஸ்கிருதச் சொல். உருவம் ஒன்றுபோல இருப்பதால் உறவு வந்துவிடாது.

இந்த விளம்பரம் ஆரம்பத்திலேயே வியாபாரச் சொல்லாக இருக்கவில்லை. மலையாளத்தில் வியாபார விளம்பரத்துக்குப் 'பரஸ்யம்' என்ற வேறு சொல் உண்டு. 'விளம்பரம்' அங்கே அரசு ஆணைக்கும் பகிரங்கப் பிரகடனத்துக்கும் உரியது. 1809 ஜனவரியில் வேலுத்தம்பி தளவாய் கம்பெனிக்கு எதிராக வெளியிட்டது குண்டற விளம்பரம். 1936 நவம்பர் 12 அன்று திருவிதாங்கூர் மன்னர் ஒடுக்கப்பட்ட சாதியினருக்குக் கோயிலைத் திறந்துவிட்டது க்ஷேத்திரப் பிரவேச விளம்பரம். ஒன்று கலகம், இன்னொன்று ஆணை. இரண்டிலும் விற்க எதுவும் இல்லை. தமிழிலும் இந்தப் பொருள் இருந்திருக்கிறது. வடலூரில் சத்திய ஞானசபை தொடர்பாக 1872-ல் இராமலிங்க அடிகள் வெளியிட்ட அறிக்கையின் பெயர் விளம்பரம்தான். அது உலகத்தாரை நோக்கி விடுத்த அழைப்பு.

அச்சு முதலாளியம் இந்தச் சொல்லைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டது. இந்தியாவின் முதல் செய்தித்தாள் என்று சொல்லப்படும் ஹிக்கியின் 'பெங்கால் கெஜட்' (1780) தன் முழுப் பெயரிலேயே 'ஒரிஜினல் கல்கத்தா ஜெனரல் அட்வர்டைசர்' என்று சேர்த்துக்கொண்டது. பத்திரிகை என்றாலே விளம்பரம் தாங்கி வருவது என்பது முதல் நாளிலேயே முடிவான விஷயம். தமிழில் நாளிதழ்கள் பெருகப் பெருக, விளம்பரத்தின் பழைய அர்த்தங்கள் உதிர்ந்து, காசு கொடுத்து வாங்கிய இடத்தில் சொல்வது என்ற ஒரே அர்த்தம் மிஞ்சியது.

2

தமிழில் 'சொல்' என்ற பொருள் தரும் இன்னொரு பழைய வினை உண்டு: பறை. பறைதல் என்றால் சொல்லுதல். மலையாளத்தில் இன்றும் பேசுகிறவர் பறைகிறார். தமிழில் அந்த வினை பேச்சிலிருந்து ஒதுங்கி, தோல்கருவியின் பெயராகவும் அதை அடித்தவர்களின் சாதிப் பெயராகவும் உறைந்துபோனது. அந்தக் காம்பவுண்டுச் சுவர் 'விளம்பறம்' என்று எழுதியதற்கும் பறைக்கும் வேர்த்தொடர்பு ஏதுமில்லை. அப்படியொரு சொல்லாராய்ச்சி பண்ணுகிற உத்தேசம் எனக்கும் இல்லை. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒரே பொருளுடைய இரண்டு வினைகளில் ஒன்று வியாபாரமாகவும் மற்றது தீண்டாமையாகவும் போய்ச் சேர்ந்திருக்கிறது. ஊருக்குச் செய்தி சொல்கிற வேலையின் வரலாறு இந்தப் பிரிவினையில் இருக்கிறது.

மணிமேகலையில் இந்திர விழாவை நகருக்கு அறிவிக்கிறவன் முதுகுடியில் பிறந்தவன். முரசை யானையின் பிடரியில் ஏற்றி வைத்து அறிவிக்கிறான். அறிவிப்பது மரியாதைக்குரிய வேலையாக இருந்த காலத்தின் சுவடு அது. பிற்காலக் கிராமத்தில் தண்டோரா போடுகிறவர் தெருமுனையில் நின்றார். ஊர்ச்செய்தி அவர் வாயால் ஊருக்குள் போகும், அவர் போக முடியாது. வரி கட்டக் கெடு, ஏலம், ஏரி மதகு திறப்பு, ஊர்க்கூட்டம் எல்லாவற்றையும் அவர்தான் சொன்னார். சொன்னவற்றில் ஒன்றும் அவருடைய சொல் கிடையாது.

நவீன சட்டம் இதைக் கலைத்துவிட்டது என்று நினைத்தால் தப்பு. 1908-ம் வருஷத்து உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 21-ம் கட்டளை, 54-ம் விதி, அசையாச் சொத்தை ஜப்தி செய்யும் உத்தரவை அந்தச் சொத்தின் மேலோ பக்கத்திலோ பறையடித்தோ வழக்கமான வேறு முறையிலோ அறிவிக்கச் சொல்கிறது. 67-ம் விதி ஏல அறிவிப்புக்கும் இதையே சொல்லி, நீதிமன்றம் விரும்பினால் அரசிதழிலோ உள்ளூர்ச் செய்தித்தாளிலோ வெளியிடலாம் என்று சேர்க்கிறது. பறையும் பத்திரிகையும் ஒரே விதிக்குள் அடுத்தடுத்து உட்கார்ந்திருக்கின்றன. பறைக்குக் கை வேண்டும். அந்தக் கை யாருடையது என்று சட்டம் சொல்லவில்லை. சொல்லாமலே எல்லாருக்கும் தெரியும் என்பதால் சொல்லவில்லை.

தமிழ்நாட்டு அரசு தண்டோரா முறையைக் கைவிட்டு, வண்டியில் ஒலிபெருக்கி வைத்து அறிவிக்கச் சொல்லி மாவட்ட ஆட்சியர்களுக்குத் தலைமைச் செயலர் மூலம் எழுதியது 2022 ஆகஸ்டில். முதுகுளத்தூரும் வெண்மணியும் நடந்து முடிந்து, அம்பேத்கர் நூற்றாண்டும் கொண்டாடி முடித்து, முப்பது வருஷம் கழித்து. வரவேற்க வேண்டிய உத்தரவுதான். ஆனால் அதற்கு ரொம்ப முன்னாலேயே அறிவிப்பின் அதிகாரம் பறையிலிருந்து நாளிதழ்ப் பக்கத்துக்கு மாறிவிட்டது. நிலம் எடுப்புச் சட்டத்துக்கு 1984-ல் வந்த திருத்தம், அறிவிக்கையை அந்தப் பகுதியில் போகிற இரண்டு நாளிதழ்களில், அதிலொன்று வட்டார மொழியில், வெளியிட வேண்டும் என்றது. ஆகவே தெருவில் கேட்காத செய்தியையும் கேட்டதாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும். பத்திரிகை வாங்காத சேரிக்காரருக்கும் 'தெரிவிக்கப்பட்டுவிட்டது'.

3

இனி 'வரி'. ஆங்கிலத்தில் இதற்குக் 'கிளாசிஃபைட்' என்று பெயர், வகைப்படுத்தப்பட்டது. சில அலுவலகத் தமிழில் 'வகைப்படுத்தப்பட்ட விளம்பரம்' என்று ஒரு மொழிபெயர்ப்பும் நடமாடுகிறது. யாரும் அதைப் பேசுவதில்லை. ஜனங்கள் எடுத்துக்கொண்டது வரி விளம்பரம். ஆங்கிலச் சொல் பக்கத்தின் ஒழுங்கைப் பார்த்துப் பெயர் வைத்தது. தமிழ்ச் சொல் நேராகக் கட்டண ரசீதைப் பார்த்துப் பெயர் வைத்துவிட்டது. கட்டம் கட்டிப் படம் போட்டுப் பெரிதாக வருவது ஒரு ரகம், வரிக்கு இவ்வளவு என்று அளந்து வருவது இன்னொரு ரகம். பெயரிலேயே விலை இருக்கிறது.

வரி என்பது தமிழில் சாமானியமான சொல் அல்ல. கோடு, எழுத்து வரிசை, புலியின் உடம்புக் கீற்று, நெய்தல் நிலத்துப் பாட்டு (சிலப்பதிகாரத்தின் கானல்வரி), கடைசியில் அரசனுக்குக் கட்டுவது. சோழர் கல்வெட்டுகளில் வரிப்பொத்தகம் என்ற கணக்கும் அதைப் பார்க்கிற அதிகாரிகளும் வருகிறார்கள். ஓலையில் ஒரு வரியாக ஏறிய நிலம்தான் வரி கட்டிய நிலம். ஏடும் இறையும் ஒரே சொல்லில் மாட்டிக்கொண்டது தற்செயலாகவும் இருக்கலாம். ஆனால் வரியில் ஏறாத நிலமும் ஆளும் அரசின் கண்ணுக்கு இல்லாதவை என்பது தற்செயல் அல்ல.

ஃபூக்கோ 1966-ல் எழுதிய, அறிவின் ஒழுங்குகளைப் பற்றிய புத்தகத்தை, போர்ஹேஸ் சொன்ன ஒரு விநோதமான சீனக் கலைக்களஞ்சியப் பட்டியலோடு தொடங்குகிறார். அதை வாசித்து அவருக்குச் சிரிப்பு வந்ததாம். நம்ம வரி விளம்பரப் பக்கம் அதற்குக் குறைந்ததல்ல. மணமகள், மாடு, மனை, மூலவியாதி, மறைந்துபோன பத்திரம் எல்லாம் ஒரே பக்கத்தில். நமக்குச் சிரிப்பு வராததற்குக் காரணம் அதற்குள் ஓடுகிற ஒழுங்கு நமக்குப் பழகிய ஒழுங்கு. மணமகள் தேவைப் பகுதியைப் பாருங்கள். சொல்லுக்குக் காசு என்றால் முதலில் வெட்டப்படுவது உருபுகள், பிறகு அடைமொழிகள், பிறகு குணநலன். கடைசிவரை வெட்டப்படாமல் நிற்கிறது சாதி. பல நேரம் அதுவே தலைப்பு. எது அவசியம் என்பதை ஒரு சமூகம் தன் கைக்காசைக் கொண்டே சொல்லுகிறது. இவ்வளவு நேர்மையான பிரதி நம் இலக்கியத்தில் குறைவு.

இதற்கு எதிர்வாதம் இருக்கிறது, அதையும் சொல்லிவிட வேண்டும். முழுப்பக்க விளம்பரம் பணக்காரன் சமாச்சாரம். மூன்று வரி போடுவது சின்ன ஆளுக்கும் முடியும். சான்றிதழ் தொலைத்த மாணவி, தையல் மிஷினை விற்கப் பார்க்கிறவர், காணாமல்போன அப்பாவைத் தேடுகிற மகன் எல்லாரும் அச்சுக்குள் வர முடிந்த ஒரே வாசல் இதுதான். பத்திரிகையில் சாதாரண ஜனங்கள் தாங்களே பேசுகிற பகுதி அது ஒன்றுதான் என்றுகூடச் சொல்லலாம். உண்மை. ஆனால் வாசல் எத்தனை அகலம் என்பதை வரிதான் தீர்மானிக்கிறது. எதைச் சொல்லாமல் விட்டால் விலை குறையும் என்பதோடு, எதைச் சொல்லாமல் விட்டால் விலை ஏறும் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அதற்குத்தான் மனை விளம்பரங்களிடம் வருகிறேன்.

4

மாமல்லபுரம் கடற்கரையை ஒட்டிய மனை விளம்பரங்களுக்கு என்று ஒரு தனிமொழி உருவாகியிருக்கிறது. 'ஈ.சி.ஆர். அருகில்', 'கடல் காற்று', 'டி.டி.சி.பி. அப்ரூவல்', 'கிளியர் டைட்டில்', 'வில்லங்கம் இல்லை', 'உடனடிப் பதிவு'. ஊர்ப்பெயர் பெரும்பாலும் இருக்காது. மாமல்லபுரத்திலிருந்து இத்தனை நிமிடம் என்று இருக்கும். நிலத்துக்கு ஊர் இல்லை, தூரம்தான் உண்டு.

இந்த ஜில்லாவின் நிலத்துக்கு வேறொரு வரலாறு எழுதப்பட்டிருக்கிறது. 1891-ல் செங்கல்பட்டுக் கலெக்டராகப் பொறுப்பிலிருந்த திரமென்ஹீர், இந்த ஜில்லாவின் பறையர்கள் நிலைமை பற்றி ஓர் அறிக்கை கொடுத்தார். நிலம் இல்லாமை, குடியிருக்கும் மனைகூடச் சொந்தமில்லாமை, மிராசுதார்களிடம் கட்டுண்டு கிடப்பது எல்லாவற்றையும் அடுக்கி, நிலம் கொடுப்பதே வழி என்றார். அதன் தொடர்ச்சியாக 1892 செப்டம்பர் 30 தேதியிட்ட வருவாய்த்துறை அரசாணை 1010 வந்தது. சென்னை மாகாணம் முழுக்க ஒடுக்கப்பட்ட சாதியினருக்குத் தரிசு நிலங்கள் ஒப்படைக்கப்பட்டன. பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு 12 லட்சம் ஏக்கர். நிபந்தனைகள் உண்டு: முதல் பத்து வருஷம் விற்கவோ தானம் கொடுக்கவோ அடமானம் வைக்கவோ கூடாது, பிறகும் ஒடுக்கப்பட்ட சாதியினருக்குள்தான் கைமாறலாம், மீறினால் அரசு திரும்ப எடுத்துக்கொள்ளலாம். அரசு ஏட்டில் இது டி.சி. நிலம். ஜனங்கள் வாயில் பஞ்சமி நிலம். பஞ்சமர் நிலம் என்று முழுசாகச் சொன்னால் யாருடையது என்பது தெரிந்துவிடும். பஞ்சமி என்றால் பஞ்சாங்கத்துத் திதி மாதிரி இருக்கிறது. இங்கேயும் எழுத்துக்கூட்டல் ஒரு வேலை செய்கிறது.

அரசாணைக்கு அடுத்த வருஷம், 1893 அக்டோபரில், இதே ஜில்லாவின் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் சென்னையில் ஒரு பத்திரிகை தொடங்கினார். நாலு பக்கம், விலை இரண்டணா. பெயர் 'பறையன்'. அச்சுக்கும் விளம்பரத்துக்குமாகப் பத்து ரூபாய் செலவானதையும், பட்டணத்தில் இரண்டே நாளில் நானூறு பிரதி விற்றதையும் தன் ஜீவிய சரித்திரச் சுருக்கத்தில் கணக்காக எழுதி வைத்திருக்கிறார். பறை, விளம்பு என்று பிரிந்துபோன இரண்டு வினைகளும் ஒரு கணம் ஒன்று சேர்ந்த இடம் அது. அடுத்தவன் செய்தியை அடித்துச் சொன்ன சமூகம் தன் செய்தியைத் தன் பெயரிலேயே அச்சில் விளம்பியது. தமிழ்ப் பத்திரிகை வரலாறு எழுதுகிறவர்கள் இந்தப் பத்து ரூபாயை எந்தத் தலைப்பில் வகைப்படுத்துவார்கள்?

நூறு வருஷம் கழித்து அந்த நிலங்களில் பெரும்பகுதி வேறு கைகளில் இருந்தது. மாமல்லபுரத்தை அடுத்த காரணையில் பஞ்சமி நிலத்தை மீட்கத் தலித் மக்கள் போராடினார்கள். 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் போலீஸ் சுட்டதில் ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இருவர் செத்தார்கள். தமிழகத்தில் பஞ்சமி நில மீட்பு என்ற கோரிக்கை பொதுவெளிக்கு வந்தது அந்த இரண்டு பேரின் ரத்தத்தோடுதான். இந்த மக்கள் தங்கள் செய்தியைச் சொல்ல எடுத்துக்கொண்ட இடம் தெரு. பத்திரிகையில் அது செய்தியாக ஒருநாள் வரும். மனை விளம்பரம் தினமும் வரும்.

5

'வில்லங்கம் இல்லை' என்கிற வரியைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம். வில்லங்கச் சான்று என்பது பதிவு அலுவலகத்தில் அந்தச் சொத்தின் பேரில் பதிவான கிரயம், அடமானம், செட்டில்மென்ட் போன்றவற்றின் பட்டியல். கேட்கிற வருஷங்களுக்கு மட்டும் கிடைக்கும். முப்பது வருஷம் போட்டுப் பார்த்துத் திருப்திப்படுவதுதான் வழக்கம். 1892 ஆணையின் கீழ் வந்த நிபந்தனை ஒரு பத்திரப் பதிவு அல்ல. அது வருவாய்த்துறைக் கணக்கில், கிராமத்தின் 'அ' பதிவேட்டில், குறிப்புக் கலத்தில் இருக்க வேண்டியது. ஆக, சான்றில் வில்லங்கம் 'இல்லை' என்று வருவதும் நிலம் பஞ்சமி நிலமாக இருப்பதும் ஒரே சமயத்தில் சாத்தியம். விளம்பரம் பொய் சொல்லவில்லை. அதிகாரத்தின் இரண்டு ஏடுகளில் எதைக் காட்ட வேண்டுமோ அதைக் காட்டுகிறது.

அந்தக் குறிப்புக் கலமும் பத்திரமாக இல்லை. 1980-களில் நில உடைமைப் பதிவுகளைப் புதுப்பித்த திட்டத்தில், பழைய ஏட்டிலிருந்து புதிய ஏட்டுக்கு எழுதும்போது டி.சி. என்ற இரண்டெழுத்து பல கிராமங்களில் விடுபட்டது என்பது நில மீட்பு இயக்கங்கள் தொடர்ந்து வைக்கும் குற்றச்சாட்டு. எழுத்துப் பிழை என்று இதைத்தான் சொல்ல வேண்டும். ஒரு ளகரம் லகரமாகிப்போனால் தமிழுக்கு ஆபத்து என்று கூட்டம் போடுகிற நாம், இந்த இரண்டெழுத்து காணாமல்போனதை மொழிப் பிரச்சினையாக ஒருநாளும் பார்த்ததில்லை.

பல்லவர், சோழர் காலச் செப்பேடுகளில் நிலம் கொடுக்கும்போது பெண்யானையை எல்லை சுற்றி நடத்தி, கல்லும் கள்ளியும் நட்டதாக வரும். எல்லோருக்கும் தெரியும்படி நிலத்தை அறிவித்த முறை அது. அதுவும் பிராமணருக்கும் கோயிலுக்கும் போன நிலம்தான், யாரும் கண்ணீர்விட வேண்டாம். ஆனால் அறிவிப்பு நிலத்தின் மேலேயே நடந்தது. 1908 சட்டம்கூடப் பறையைச் சொத்தின் மேலோ பக்கத்திலோ அடிக்கச் சொன்னது. வரி விளம்பரத்தில் நிலமும் அறிவிப்பும் பிரிந்துவிட்டன. மனை இங்கே, வரி சென்னையில் ஒருவர் கையில். நிலத்தின் மேல் நிற்கிறவருக்கு அது விற்பனையில் இருப்பதே தெரியாது. கடற்கரைக் குப்பத்திலும் இதே கதைதான். வலை காயவைத்த மணல், கருவாடு போட்ட இடம் எல்லாம் ஏட்டில் புறம்போக்கு. குப்பத்தாருக்குப் பட்டா இல்லாததால் அவர்களுக்கு விற்க எதுவுமில்லை, விளம்பவும் எதுவுமில்லை. பக்கத்து மனைக்காரரின் விளம்பரத்தில் அவர்கள் 'கடல் காற்று' ஆகிவிடுகிறார்கள்.

கடைசியாக, ஆரம்பித்த கேள்விக்கு. 'வரிவிளம்பரம்' என்று சேர்த்து எழுதினாலும், 'வரி விளம்பரம்' என்று பிரித்து எழுதினாலும் இலக்கணம் இடம் கொடுக்கும். நடுவில் வல்லினம் இல்லாததால் ஒற்று மிகும் மிகாது என்கிற தகராறும் கிடையாது. பத்திரிகைகள் பிரித்தே எழுதுகின்றன, அப்படியே இருக்கட்டும்.

ஆனால் செய்ய வேண்டிய ஒரு திருத்தம் பாக்கியிருக்கிறது. செங்கல்பட்டு 2019 நவம்பரிலிருந்து தனி மாவட்டம். ஆட்சியர் அலுவலகம் இப்போது செங்கல்பட்டிலேயே இருக்கிறது. இந்த மாவட்டத்தில் மனை விற்கிற ஒவ்வொரு விளம்பரத்திலும் கிராமத்தின் பெயர், சர்வே எண், 'டி.சி. நிபந்தனைக்கு உட்பட்டதல்ல' என்ற உறுதி, இந்த மூன்றும் கட்டாயம் இருக்க வேண்டும் என்று கேட்கலாம். கூடுதலாக ஒரு வரிதான் ஆகும். அந்த ஒரு வரிக்கு ஆகிற காசை யாரும் மறுக்கப் போவதில்லை. அந்த வரியையே மறுப்பார்கள். மறுக்கிறபோது, இவ்வளவு நாளும் அது ஏன் அங்கே இல்லை என்பது எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் புரிந்துவிடும். அதுவரை நண்பர்கள் செய்யக்கூடியது, அவரவர் கிராமத்தின் பழைய 'அ' பதிவேட்டைக் கேட்டு வாங்கி, குறிப்புக் கலத்தை எழுத்தெழுத்தாக வாசித்து, அதில் உள்ளதை ஊர்க்கூட்டத்தில் உரக்கச் சொல்வது. விளம்புவது என்பதற்கு முதல் பொருள் அதுதான்.